வாத்துக் குஞ்சை எப்போது வெளியே விடுவது?

வாத்து வளர்க்கிற நாலு பேரிடம் கேட்டால் நாலு பதில் வரும். மூன்று வாரம் போதும் என்பார் ஒருவர். ஐந்து வாரம் ஆகட்டும் என்பார் இன்னொருவர். நெஞ்சிலும் அடிவயிற்றிலும் இறகு முழுசாக மூடும்வரை, அதாவது ஏழெட்டு வாரம், விளக்குப் பெட்டியிலிருந்து எடுக்கவே கூடாது என்கிறவர்களும் உண்டு. யாரும் பொய் சொல்லவில்லை. அவரவர் ஊர்க் குளிரைச் சொல்கிறார்கள்.

பொரித்த முதல் வாரத்தில் குஞ்சுக்கு ஏறக்குறைய 32 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைத்துக்கொண்டே வரலாம். இந்தக் கணக்கைப் பாரிட் புந்தாரில் போட்டுப் பாருங்கள். பகலில் கொல்லையில் 32. நள்ளிரவில் 24. நாலாவது வாரம் தொடங்கும்போது பெட்டிக்குள்ளும் வெளியிலும் ஒரே சூடுதான். மழையில் நனையாமல் பார்த்துக்கொண்டால் போதும். இங்கிலாந்துக்காரர் ஏழு வாரம் காத்திருக்கிற காரணம் நமக்கு இல்லை.

ஆக, நம் ஊரில் தெர்மாமீட்டரின் வேலை மூன்று வாரத்தில் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகும் கதவைத் திறக்காமல் வைத்திருந்தால் அது குளிருக்குப் பயந்து இல்லை. லோங்காங்கில் திரிகிற பியாவாக்குக்கும், கூரைமேல் நடக்கிற மூசாங்குக்கும், எலிக்கும், நாய்க்கும், மலைப்பாம்புக்கும் பயந்து. இந்தப் பயத்துக்கு டிகிரி கணக்குக் கிடையாது. மூன்றாவது வாரத்தில் பியாவாக் விழுங்கும், ஐந்தாவது வாரத்திலும் விழுங்கும், வளர்ந்த பிறகும் பெரிய பியாவாக் என்றால் விடாது. எந்த நாள் பத்திரமான நாள் என்று யாராலும் சொல்ல முடியாது. அப்படியானால் நான் நாள் குறிப்பது எதை வைத்து? ஓர் உயிரை, அதைக் கேட்காமல், அதன் நன்மைக்கென்று சொல்லி ஆபத்துக்குள் அனுப்ப எனக்கு என்ன உரிமை இருக்கிறது? அனுப்பாமல் அடைத்து வைத்திருக்க என்ன உரிமை? இரண்டாவது கேள்வியை நாம் கேட்பதே குறைவு. அடைத்து வைப்பதற்கு நியாயம் சொல்லத் தேவையில்லை என்று நமக்கு ஒரு நினைப்பு.

எங்கள் வீட்டில் போன வருடம் எட்டுப் பெக்கிங் வாத்துக் குஞ்சுகள் வாங்கினோம். பெரிய பிளாஸ்டிக் தொட்டி, ஒரு மூலையில் தொங்கும் பல்பு, அடியில் மரத்தூள். நாளிதழ் விரிக்கக் கூடாது. வழுக்கி வழுக்கிக் கால் விரிந்து போகும். கோழிக்குஞ்சுத் தீவனமே கொடுக்கலாம், ஆனால் வாத்துக்கு நியாசின் சத்து கூடுதலாக வேண்டும், இல்லையென்றால் கால் வளையும். தண்ணீர்ப் பாத்திரம் மூக்குவரை முக்குகிற ஆழம் இருக்க வேண்டும், ஆனால் உள்ளே இறங்கி ஊறிப்போகிற அளவுக்கு இருக்கக் கூடாது. தாயில்லாக் குஞ்சு நனைந்தால் குளிரில் விறைத்துவிடும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் பல்பை மூலையில் மாட்டுவது. நடுவில் மாட்டக் கூடாது. மூலையில் மாட்டினால் தொட்டியின் ஒரு பக்கம் சூடு, மறுபக்கம் சூடு குறைவு. குஞ்சுகள் பல்புக்குக் கீழே ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்தால் குளிர்கிறது என்று அர்த்தம். மறுகோடிக்கு ஓடி வாய் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பரவிக் கிடந்தால் சரி. தெர்மாமீட்டரைவிட இது துல்லியம். நான் தொழிற்சாலையில் சென்சார் வேலை பார்க்கிறவன். எட்டு சென்சார்கள் தாங்களே நடந்து போய்த் தங்களுக்கு ஏற்ற இடத்தில் நிற்கிற அமைப்பை நான் எங்கேயும் பார்த்ததில்லை.

சூடு விஷயத்தில், அப்படியானால், குஞ்சிடம் கேட்க முடியும். பதிலும் வரும். ஆனால் பியாவாக் பற்றிக் கேட்டால் பதில் வராது. அதன் உடம்புக்கு வெப்பம் தெரியும், லோங்காங்கில் என்ன இருக்கிறது என்று தெரியாது. எங்கே அதற்குத் தெரியுமோ அங்கே அதைக் கேட்டுச் செய்வது, எங்கே தெரியாதோ அங்கே நாம் முடிவு செய்வது என்று ஒரு கோடு போடலாமே என்றுதான் முதலில் எனக்குத் தோன்றியது. கோடு நன்றாகத்தான் இருந்தது, நாலாவது வாரம் வரை.

நாலாவது வாரத்தில் குஞ்சுகள் தொட்டியின் சுவரில் முட்ட ஆரம்பித்தன. கழுத்தை நீட்டி விளிம்புக்கு மேலே எட்டிப் பார்க்கின்றன. மரத்தூளைக் காலையில் மாற்றினால் மதியத்துக்குள் சேறு. நாற்றம் கண்ணை எரிக்கும். வாத்து தண்ணீரைக் குடிப்பதைவிட இறைப்பதுதான் அதிகம். அந்த ஈரத்தில் எச்சம் ஊறி அமோனியா கிளம்பும். அதைச் சுவாசித்துக்கொண்டு, ஈரத்தில் படுத்து, ஓட இடமில்லாமல் வேகமாக எடை கூடுகிற குஞ்சுக்குக் கால் கெட்டுப்போகும். பத்திரமான இடம் என்று நாம் பெயர் வைத்ததே ஒரு நாள் நோய்வாய்ப்பட்ட இடமாக மாறுகிறது. எந்த நாளில் மாறியது என்று சுவரில் எழுதி இருக்காது.

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். இந்த 'எப்போது' என்ற கேள்வி தாய் வாத்துக்கு எழுவதே இல்லை. காட்டு வாத்துக் குஞ்சுகள் பொரித்து ஒரு நாள் ஆவதற்குள் தாய் அவற்றைத் தண்ணீருக்குக் கூட்டிப் போய்விடும். குளிர்ந்தால் சிறகுக்குள் போகும், சூடானால் வெளியே வரும். தாயே நடமாடும் விளக்குப் பெட்டி. அதற்கு உள்ளே வெளியே என்று இரண்டு இடம் இல்லை. நாம் முட்டையை இன்குபேட்டரில் வைத்துத் தாயை நீக்கினோம். நீக்கிய பிறகுதான் உள்ளே ஓர் இடம், வெளியே ஓர் இடம், நடுவில் ஒரு கதவு, கதவுக்கு ஒரு தேதி எல்லாம் வந்தன. பெக்கிங் வாத்துகளில் பல இப்போது அடை உட்காருவதையே மறந்துவிட்டன. செராத்தி வாத்து இன்னும் ஒழுங்காக 35 நாள் உட்காரும்.

எஸ்டேட்டில் இருந்த காலத்தில் பாட்டி வாத்து முட்டையைக் கோழிக்கு அடை வைப்பாராம். கோழி தன் கணக்குக்கு 21 நாள் உட்கார வேண்டியது, பாவம் 28 நாள் உட்காரும். குஞ்சு பொரித்ததும் அவை நேராகக் குட்டைக்குப் போகும். கோழி கரையில் அங்குமிங்கும் ஓடிக் கத்தும். "அது கத்துறதப் பாத்தா நமக்கே அழுகை வரும்டா" என்பார் பாட்டி. கோழியின் பயம் நிஜம். குஞ்சுக்கு ஆபத்து இல்லை என்பதும் நிஜம். இரண்டும் ஒரே நேரத்தில் நிஜமாக இருக்கலாம் என்பதைப் பாட்டியின் அந்தக் கதையில்தான் முதலில் தெரிந்துகொண்டேன்.

வைணவத்தில் பூனை, குரங்கு என்று இரண்டு நியாயங்கள் உண்டு. தென்கலையார் சொல்வது பூனைக்குட்டி: குட்டி சும்மா கிடக்கும், தாய்தான் வாயில் கவ்வித் தூக்கிப் போகும். வடகலையார் சொல்வது குரங்குக்குட்டி: தாய் தாவும், குட்டிதான் இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். வாத்து இரண்டிலும் சேராது. தாய் தூக்காது, குஞ்சும் பிடிக்காது. தாய் முன்னால் போகும், குஞ்சு வரிசையாகப் பின்னால் போகும். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் இந்தப் பின்தொடர்தலில் ஒரு சிக்கல் உண்டு. கோன்ராட் லோரன்ஸ் 1935இல் எழுதியது இதைப் பற்றித்தான். 1973இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவரில் அவர் ஒருவர். பொரித்ததும் கண்ணெதிரே நகர்வதைக் குஞ்சு தாயாக ஏற்றுக்கொள்ளும். பிறகு எக்கார்ட் ஹெஸ் சோதித்துப் பார்த்ததில், மல்லார்ட் வாத்துக் குஞ்சுக்கு அந்தப் பதிவு மிக ஆழமாக விழுவது 13 மணி முதல் 16 மணி நேரத்துக்குள் என்று தெரிந்தது. நகர்வது தாயாக இருக்க வேண்டிய அவசியமில்லை. லோரன்ஸின் காலாக இருந்தாலும் சரி, மரப்பொம்மையாக இருந்தாலும் சரி.

எங்கள் குஞ்சுகள் என் தம்பியின் பின்னால் போகின்றன. அதை நம்பிக்கை என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. நம்பிக்கை என்றால் சந்தேகப்படவும் முடிந்திருக்க வேண்டும். அவற்றால் முடியாது. அவற்றின் சம்மதம் என்று நான் எதைக் காட்டினாலும் அது நானே எழுதிக் கொடுத்த சம்மதம்.

"இயற்கையா விட்டுடு, பொழைக்கிறது பொழைக்கட்டும்" என்று பக்கத்து வீட்டு அங்கள் சொன்னார். இதைக் கேட்கும்போது ஏதோ ஞானம் மாதிரி இருக்கும். இயற்கை ஏன் ஒரு தாய்க்குப் பத்துப் பன்னிரண்டு முட்டை கொடுத்திருக்கிறது? பாதிக்கு மேல் போய்விடும் என்று தெரிந்துதான். அது இயற்கையின் பட்ஜெட். நான் கடையில் காசு கொடுத்து எட்டுக் குஞ்சை வாங்கித் தாயையும் கொடுக்காமல், குட்டையையும் கொடுக்காமல், சாவை மட்டும் இயற்கையிடமிருந்து இரவல் வாங்க முடியாது.

அதே நேரத்தில் பொறியியலில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாதுகாப்புக் காரணியும் இங்கே அப்படியே உதவவில்லை. நிபோங் தெபால் வளாகத்தில் இரண்டாம் ஆண்டில் ஒரு விரிவுரையாளர் கேட்டார்: லிஃப்ட் கயிற்றுக்குப் பத்து மடங்குக்கு மேல் பலம் வைக்கிறோம், விமானத்துக்கு ஒன்றரை மடங்குதான், ஏன்? விமானத்தில் போகிறவர் உயிர் மலிவா? யாரும் பதில் சொல்லவில்லை. பத்து மடங்கு வைத்தால் அது மேலே எழும்பாது என்றார் அவர். எழும்பாத விமானம் விழவே விழாது, மிகப் பத்திரமானது. தொட்டிக்குள் இருக்கிற வாத்தும் அப்படித்தான். ஆனால் கம்பிக்கும் தகட்டுக்கும் ஒரு சௌகரியம் உண்டு: அளவுக்கு மீறிப் பாதுகாத்தாலும் அவை பலவீனமாவதில்லை. எலும்பு பலவீனமாகும். சுமை ஏறாத எலும்பு மெலியும்.

ஜான் ஸ்டூவர்ட் மில் 1859இல் எழுதிய சுதந்திரம் பற்றிய நூலில் ஒரு பாலம் வருகிறது. உடையப்போகிற பாலத்தில் ஒருவன் கால் வைக்கப் போகிறான், எச்சரிக்க நேரமில்லை. அவனைப் பிடித்து இழுக்கலாம். அது அவன் சுதந்திரத்தில் கை வைப்பது ஆகாது, ஆற்றில் விழ அவனுக்கு விருப்பமில்லையே. ஆனால் உடைவது நிச்சயமில்லை, உடையலாம் என்கிற ஆபத்து மட்டும்தான் என்றால்? அப்போது எச்சரிக்கலாம், பலவந்தமாகத் தடுக்கக் கூடாது என்கிறார் மில். கூடவே குழந்தைகளையும், புத்தி பேதலித்தவர்களையும், யோசிக்கிற திறன் முழுமையாக இல்லாதவர்களையும் விலக்கிவிடுகிறார். வாத்து அந்தப் பட்டியலில்கூட வராது. வாத்தை எச்சரிக்க வழி இல்லை.

எச்சரிக்க முடியாது என்றால் பாலத்தைச் சரிசெய்யலாம். கோழிவலை என்று விற்கிற அறுகோண வலை கோழியை உள்ளே வைக்கத்தான் லாயக்கு. எலி நுழையும், மூசாங் கையை விட்டு இழுக்கும், பெரிய நாய் கிழித்துவிடும். 12 மில்லிமீட்டர் சதுரக் கண் உள்ள பற்றவைத்த கம்பிவலை வேண்டும். தோண்டி வருகிறவற்றுக்காக அந்த வலையை மண்ணுக்குள் ஓர் அடி இறக்கணும். கதவுக்கு இரண்டு தாழ்ப்பாள். மேலேயும் மூட வேண்டும். இரண்டு சனிக்கிழமை இதற்குப் போனது. இவ்வளவும் செய்த பிறகு இரவு ஆபத்து ஏறக்குறைய தீர்ந்தது. பகல் தீரவில்லை. பகலில் வாத்து புல்லில் நடக்கணும், மண்ணைக் கிளறணும், தண்ணீரில் முங்கணும். அதையும் வலைக்குள் வைத்தால் பெரிய தொட்டி ஒன்று கட்டியதாகத்தான் ஆகும்.

என் கவனக்குறைவால் வருகிற ஆபத்து ஒரு வகை. வாத்தாக வாழ்வதோடு ஒட்டிக்கொண்டு வருகிற ஆபத்து இன்னொரு வகை. முதலாவதுக்கு எனக்கு மன்னிப்பு கிடையாது. இரண்டாவதை நீக்கினால் கூடவே வாத்து வாழ்க்கையும் போய்விடும். இரண்டுக்கும் நடுவில் எல்லை எங்கே என்று கேட்டால், கம்பிவலையின் விலைப்பட்டியலில் இருக்கிறது என்றுதான் சொல்வேன். பணம் இருந்தால் எல்லை தள்ளிப்போகும்.

இந்த இடத்தில் வாசகர் ஒருவர் கேட்கலாம்: தீபாவளிக்குக் கறியாகப் போகிற வாத்துக்கு இவ்வளவு தத்துவமா? நியாயமான கேள்வி. எட்டில் இரண்டு கறிக்குத்தான் என்று அம்மா முதல் நாளே சொல்லிவிட்டார். நான் சாப்பிடுவேன். அதனால் அதன் இடைப்பட்ட நாட்கள் எப்படிப் போனாலும் பரவாயில்லை என்று ஆகிவிடாது என்பது மட்டும்தான் என் கட்சி. இதற்கு மேல் அந்தக் கேள்விக்கு என்னிடம் வலுவான பதில் இல்லை.

உண்மையில் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது வாத்து இல்லை.

என் தம்பிக்கு 23 வயது. டவுன் சிண்ட்ரோம். ஓகேயு அட்டை இருக்கிறது, வாரத்தில் ஐந்து நாள் பிடிகே மையத்துக்குப் போகிறான். வாத்துகள் அவன் பொறுப்பு. தண்ணீர் மாற்றுவது, தீவனம் அளப்பது, மாலையில் எண்ணுவது எல்லாம் அவன்தான். நாலாவது வாரம் குஞ்சுகள் சுவரில் முட்டியபோது முதலில் சொன்னதும் அவனே: "அண்ணே, போணுமாம்." அம்மா அடுப்படியிலிருந்து, "பெட்டியில இருந்தா உசுரோடவாவது இருக்கும்ல" என்றார்.

அவன் கொஞ்ச நாளாக இன்னொன்றும் கேட்டுக்கொண்டிருந்தான். தாமான் முனையில் உள்ள மளிகைக் கடைக்குத் தனியாகப் போக வேண்டும். ஐந்து நிமிட நடை. நடுவில் ஒரு சாலை. லோரிகள் வேகம் குறைக்காமல் திரும்பும். சாலையில் வெள்ளைக் கோடு கிடையாது.

1972இல் ராபர்ட் பெர்ஸ்கி என்ற அமெரிக்கர் ஒரு கட்டுரை எழுதினார். அறிவுவளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களை எல்லா ஆபத்திலிருந்தும் காப்பது அவர்களுக்குச் செய்கிற அவமரியாதை என்பது அவர் வாதம். மற்றவர்களைப் போல விழுவதற்கும் தோற்பதற்கும் வாய்ப்பு இருப்பதில்தான் மனித கண்ணியம் இருக்கிறது. இதற்கு அவர் வைத்த பெயரைத் தமிழில் 'ஆபத்தின் கண்ணியம்' என்று சொல்லலாம். நம் நாட்டிலும் 2008இல் மாற்றுத்திறனாளிகள் சட்டம் வந்தது, 2010இல் ஐநா உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டோம். காகிதத்தில் தம்பிக்கு அந்தக் கடைக்குப் போக எல்லா உரிமையும் இருக்கிறது.

தம்பியை வாத்துக் குஞ்சோடு ஒப்பிடுவதில் எனக்குக் கூச்சம் இருக்கிறது. அவனை அப்படி ஒப்பிட்டவர்கள் உண்டு, நல்லெண்ணத்தோடுதான், "கொழந்தை மாதிரி" என்று. ஒப்பீடு உடைகிற இடமும் அதுதான். வாத்திடம் கேட்க முடியாது, அவனிடம் கேட்க முடியும். அவனை எச்சரிக்க முடியும். லோரி என்றால் என்ன என்று அவனுக்குத் தெரியும், தாத்தாவின் நண்பர் லோரி மோதி இறந்தது தெரியும். மில்லின் விதிவிலக்கில் அவனைத் தூக்கிப் போடுவது சோம்பேறித்தனம். "பயமா இல்லயா?" என்று கேட்டேன். "பயம்தான்" என்றான். "போணும்" என்றான். பயம் இருந்தும் போக வேண்டும் என்று சொல்கிறவனுக்கு யோசிக்கத் தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது?

ஆனால் பெர்ஸ்கியைப் படித்துவிட்டு அம்மாவிடம் வாதம் பண்ணியபோது அவர் சொன்ன பதில் எந்தப் புத்தகத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை. "ஒனக்குச் சனி ஞாயிறு. எனக்குத் தெனமும். எதாச்சும் ஒன்னு ஆச்சுன்னா ராத்திரி முழிச்சிருக்கிறது யாரு?" ஆபத்தின் கண்ணியம் என்று பேசும்போது ஆபத்து ஒருவருடையது, கண்ணியமும் அவருடையது என்று எடுத்துக்கொள்கிறோம். சோகத்தின் பாகம் வேறொருவருக்கு வருகிறது. விடுதலையைப் பற்றி நன்றாகப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அந்தப் பாகத்தை வாங்காதவர்கள். பாட்டியின் கோழியைப் பார்த்து நீச்சல் தெரியாதவள் என்று சிரிப்பது சுலபம். 28 நாள் உட்கார்ந்தவள் அவள்தான்.

அம்மா சொன்னது சரி என்று நான் சொல்லவில்லை. இரவில் விழித்திருக்கப் போகிறவர் அவர் என்பது அவருக்குப் பேச உரிமை தருகிறது. முடிவு முழுவதையும் அவர் கையில் தருவதில்லை. அவன் வாழ்க்கை அவனுடையது, அவருடைய தூக்கத்துக்கான விலை இல்லை.

குஞ்சுகளை 31ஆம் நாள் ரெபானுக்கு மாற்றினோம். முதலில் காலையில் ஒரு மணி நேரம் புல்லில், பிறகு அரை நாள், பிறகு முழு நாள். தம்பி கூடவே நின்றான். இரண்டாவது வாரத்தில் ஒரு மதியம் லோங்காங் ஓரமாக ஒன்றைப் பியாவாக் கொண்டுபோனது. எண்ணும்போது ஏழுதான் வந்தது. அவன் மறுபடி எண்ணினான். பிறகு சாப்பிடாமல் படுத்துவிட்டான். மறுநாள் காலையில் எழுந்து வழக்கம்போல ரெபானைத் திறந்தான். அடைத்து வைக்கச் சொல்வான் என்று நாங்கள் எதிர்பார்த்தோம். சொல்லவில்லை. "அங்க ஓட்டை" என்று லோங்காங் பக்கத்தைக் காட்டினான்.

ஒன்று செத்ததால் வெளியே விட்டது தவறு என்று ஆகாது. ஏழு பிழைத்ததால் சரி என்றும் ஆகாது. பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் 1976இல் 'அற அதிர்ஷ்டம்' என்று பேசினார்களே, ஒரே செயல் விளைவைப் பொறுத்துப் பாராட்டாகவும் பழியாகவும் மாறுவது, அதில் நாம் எல்லோரும் மாட்டிக்கொண்டிருக்கிறோம். பியாவாக் அன்று வேறு பக்கம் போயிருந்தால் எட்டு வாத்தைக் காட்டி நான் பெர்ஸ்கியை நிரூபித்திருப்பேன்.

எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது தம்பி ஓட்டையைக் காட்டியது. வாத்து செத்தபோது வாத்தின் மேல் யாரும் குற்றம் சொல்லவில்லை. அதற்கு வெளியே வாழத் தகுதி இல்லை என்று யாரும் சொல்லவில்லை. வேலியைப் பார்த்தோம். லோங்காங் பக்கம் எட்டு மீட்டர் வலை அடித்தோம். தம்பி விஷயத்தில் மட்டும் இத்தனை மாதமாக நாங்கள் தம்பியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். அவனுக்கு வேகம் கணிக்கத் தெரியுமா, இரண்டு பக்கமும் பார்ப்பானா, பயந்து நடுவில் நின்றுவிடுவானா என்று. சாலையைப் பற்றிப் பேசவே இல்லை. அந்தச் சாலையைக் கடக்க அங்கள்களும் ஆண்ட்டிகளும்கூடத் திணறுகிறார்கள். போன ரமலானில் பள்ளிப்பிள்ளை ஒருவன் மயிரிழையில் தப்பினான். அவனைப் பார்த்து யாரும் வீட்டிலேயே இரு என்று சொல்லவில்லை.

வெள்ளைக் கோடும் இரண்டு வேகத்தடையும் கேட்டு ஒரு மனு எழுதியிருக்கிறேன். லோரிகள் திரும்பும் வேகத்தை மூன்று மாலை உட்கார்ந்து எழுதி எடுத்த கணக்கையும் சேர்த்திருக்கிறேன். தாமானில் 41 கையெழுத்து வந்திருக்கிறது. தம்பி தன் பெயரைத் தானே எழுதினான், கோட்டுக்கு வெளியே போகாமல். அம்மா மனுவை இரண்டு நாள் ஃப்ரிட்ஜ் மேல் வைத்திருந்தார். "கோடு போட்டாலும் லோரி நிக்குமா?" என்று கேட்டார். நிற்கும் என்று என்னால் சொல்ல முடியவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கடைக்குப் போவதைப் பற்றி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.